காலித் தோட்டாவின் விலாசம்

ஃப்ராஸ்ட்பர்க், மேரிலாந்து
3 மார்ச் 2009

அன்புள்ள தம்பி டெல்மருக்கு,

அக்கா ரோவீனா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் க்ளெனும் நலம். அவருக்கு இடுப்பு வலிதான் விட்டபாடில்லை. பனி கரைகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? காது எப்படி? படகு எஞ்சின் உன் காதைத் தின்றது போதாதென்று போனில் உன்னிடம் கத்திக் கத்தி என் தொண்டையும் போயிற்று. அதனால்தான் கடிதம்.

ஒரு வாரம் இருக்கிறேன் என்று வந்தவன் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டாய். உன் நேடீன் கண்ணை மூடினபிறகு வருகிற முதல் குளிர்காலம், தீவில் தனியாகக் கிடக்காதே என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். நான் கடையைச் சாத்திவிட்டு மாடி ஏறி வந்தால் படுக்கை மடித்துக் கிடக்கிறது, ஆளைக் காணோம். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் துப்பாக்கிக் கடைக்கு ஸ்டாட்லர் என்று ஒரு துப்பறியும் அதிகாரி வந்தார். நல்ல பெண்மணி, ஆனால் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். நீ இங்கே இருந்த அந்த வாரம் பக்கத்துக் கம்பர்லாந்தில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒரு பையனைத் தொடையில் சுட்டுவிட்டு எவனோ ஓடிவிட்டான். பையன் பிழைத்துக்கொண்டான், காலைத்தான் இழுத்து நடக்கிறானாம். தரையில் ஒரு காலித் தோட்டா கிடந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்ததுதான். இந்த மாநிலத்தில் புதுக் கைத்துப்பாக்கி எது விற்றாலும், அதிலேயே சுட்ட காலித் தோட்டா ஒன்றைக் கம்பெனிக்காரன் சின்னக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்பான். விற்ற கையோடு அதை நாங்கள் மாநிலப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்கிற ஊசி, ஒவ்வொரு துப்பாக்கியிலும், அந்தப் பித்தளையில் தனக்கென்று ஒரு தடம் விடுமாம், கைரேகை மாதிரி. வருஷக்கணக்காக அனுப்புகிறேன். எல்லாம் ஏதோ நிலவறையில் தூசி தின்கிறது, உருப்படாத சட்டம் என்று வாடிக்கைக்காரர்களோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தத் தூசிக்குள்ளிருந்து ஒன்று எழுந்து வந்து, பங்கில் கிடந்த தோட்டாவோடு பொருந்திவிட்டது. அது உன் பெயரில் இருக்கிறது தம்பி. 2004இல் நீ என்னிடம் வாங்கினாயே, அந்த ஒன்பது மில்லிமீட்டர்.

“அவன் நண்டு பிடிச்சுப் பொழைக்கிறவன். பொண்டாட்டிய அடக்கம் பண்ணி இன்னும் மண்ணுகூட ஆறல. அவனாவது யாரையாவது சுடறதாவது!” என்று கத்தினேன்.

“அவரத் திட்டறதுக்கு வரலம்மா. துப்பாக்கியக் கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. ஒரு தடவ சுட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். பொருந்தலேன்னா நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன். காட்டலேன்னா, கைது பண்றதத் தவிர எனக்கு வேற வழி இல்ல” என்றார்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக அதை உங்கள் ஊர் ஷெரிப் ஆபீசில் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ரோவீனா

டீல் தீவு
14 மார்ச் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். அத்தானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டால் இன்னும் சீக்கிரம் குணமாகும்.

இங்கே காற்று இன்னும் வடக்கேயிருந்துதான் வீசுகிறது. சிப்பி சீசன் முடியப் போகிறது, ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நண்டுக் கூண்டுகளுக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருக்கிறேன். நண்டு தோலுரிக்கும் தொட்டிகளில் ஒன்று ஒழுகுகிறது. மே மாதம் தோல் கழற்றின மென் நண்டு வர ஆரம்பித்தால் தூங்கவே நேரம் இருக்காது. பக்கத்து வீட்டு ஹெட்டியம்மா நேற்று கோழிக் குழம்பில் மாவுருண்டை போட்டுக் கொடுத்தனுப்பினார். உன் சமையலைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை.

சொல்லாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். அந்தத் துப்பாக்கி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புத் தம்பி,
டெல்மர்

ஃப்ராஸ்ட்பர்க்
18 மார்ச் 2009

தம்பி டெல்மருக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

தொட்டி ஒழுகுவதையும் கூண்டுக் கம்பியையும் பற்றி ஒரு பக்கம் எழுத முடிகிறது. துப்பாக்கியைக் கொடுத்தேன் என்று ஒரு வரி எழுத முடியவில்லையா? ஸ்டாட்லர் இன்றைக்கும் வந்தார். நீ இன்னும் எதையும் ஒப்படைக்கவில்லையாம். நாற்பது வருஷமாக இந்தக் கடையில் நிற்கிறேன், போலீஸ்காரர்கள் என்னிடம் சாமான் வாங்கத்தான் வருவார்கள். இப்போது என் தம்பியைத் தேடி வருகிறார்கள். குழலில் ஈரம் பட்டிருந்தாலும் பரவாயில்லை, துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. கொண்டுபோய்க் கொடு.

நீ பதில் எழுதும்வரை எனக்குச் சோறு இறங்காது. அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

ரோவீனா

டீல் தீவு
29 மார்ச் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். நீ சாப்பிடு.

ஷெரிப் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் நம் டோரி மெஸ்ஸிக்கின் மகன், சின்ன வயதில் என் படகில் வந்து வாந்தி எடுத்தவன். “மாமா, துப்பாக்கிய குடுத்துருங்க, நாங்க போயிடறோம்” என்று கெஞ்சினான். வீட்டைப் பூராவும் தேடிப் பார்த்துவிட்டுத் துணிகளையெல்லாம் திரும்ப மடித்தும் வைத்தான். தங்கமான பையன்.

அக்கா, அது என்னிடம் இல்லை. விற்கவில்லை, தொலைக்கவில்லை, திருட்டும் போகவில்லை. உன் வீட்டுக்கு வரும்போதே என்னிடம் இல்லை. இதற்கு மேல் கேட்காதே. சொன்னால் வேறொருவர் தலையில் விழும், அதற்கு நான் தயாராக இல்லை.

டெல்மர்

ஃப்ராஸ்ட்பர்க்
4 ஏப்ரல் 2009

அன்புள்ள டெல்மர்,

இது உனக்குக் கிடைக்கிற நேரம் நீ நல்லபடி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். “யாரையோ காப்பாத்தறாரு போல” என்றார். யாரை? உனக்கு இருக்கிறதே நான் ஒருத்திதான். அந்த வாரம் நீ எங்கள் வீட்டில் தூங்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். கூடத்தில் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்டாட்லர் கேட்டபோது, “நல்லாத் தூங்கினான்” என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் போலீசிடம் சொன்ன முதல் பொய் அது.

நேராகவே கேட்கிறேன். அந்தப் பையனை நீ சுட்டாயா? சுட்டிருந்தாலும் நீ என் தம்பிதான், ஜெயிலுக்கு வந்து பார்ப்பேன். ஆனால் தெரியாமல் தவிக்கிறது இருக்கிறதே, அது என்னைக் கொல்கிறது. இந்த மாசக் கடைசிக்குள் உன்னைக் கைது செய்துவிடுவார்களாம்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஃப்ராஸ்ட்பர்க்
20 ஏப்ரல் 2009

மரியாதைக்குரிய ஹெட்டி பர்னெல் அம்மாவுக்கு,

வணக்கம். நேடீனின் அடக்கத்தன்று சர்ச் வாசலில் நாம் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறோம். டெல்மரின் அக்கா நான். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அன்றைக்குப் படி ஏற ரொம்பச் சிரமப்பட்டீர்கள்.

என் கடிதத்துக்கு அவனிடமிருந்து பதிலே இல்லை. க்ளெனை விட்டுவிட்டு என்னால் தீவுக்கு வரவும் முடியவில்லை. அவன் சாப்பிடுகிறானா, படகை எடுக்கிறானா? வீட்டில் விளக்கு எரிகிறதா என்றாவது ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதுங்கள், புண்ணியமாகப் போகும். போலீஸ் விஷயம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அந்தப் பாழாய்ப்போன துப்பாக்கியை என்ன செய்தான் என்று சொல்ல மாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
ரோவீனா

டீல் தீவு
26 ஏப்ரல் 2009

அன்புள்ள ரோவீனாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன். முழங்கால் மழைக்கு முன்னாடி சொல்லிவிடுகிறது, மற்றபடி தொந்தரவு இல்லை. உன் வீட்டுக்காரரின் இடுப்புக்காக ஜெபித்துக்கொள்கிறேன்.

நேற்று டெல்மரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விலங்கு மாட்டவில்லை, அந்த மெஸ்ஸிக் பையனே கதவைத் திறந்து வண்டியில் உட்கார வைத்தான். போகும்போது டெல்மர் என் பக்கம் திரும்பி, சொல்லாதீர்கள் என்பது போலத் தலையை ஆட்டினான். இத்தனை நாள் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தேன். இனிமேல் முடியாது.

துப்பாக்கி என்னிடம்தான் இருக்கிறது. ரொட்டி வந்த பையில் சுற்றி, ஃப்ரீசரில் மீன்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் கொண்டுவந்தான். “ஹெட்டியம்மா, இத வெச்சுக்கோங்க. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க” என்றான். முகத்தைப் பார்த்தேன், எனக்குப் புரிந்துவிட்டது. நானும் வீட்டுக்காரரைப் புதைத்தவள்தான். “கேட்டா என்னப்பா சொல்றது?” என்றேன். “எதையாவது சொல்லுங்க” என்றான்.

சொன்ன மாதிரியே வந்தான். பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து கதவைத் தட்டுவான். “அதக் குடுங்கம்மா” என்பான். “இப்ப கைவேலையா இருக்கேன். விடிஞ்சதும் வா, தர்றேன். வந்தது வந்தே, உக்காந்து சாப்பிடு” என்பேன். சில நாள் கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போவான். பல நாள் உட்கார்ந்து சாப்பிடுவான். விடிந்தபிறகு ஒரு நாளும் வந்து கேட்டதில்லை.

உன் வீட்டிலிருந்து ஏன் பாதியில் வந்தாய் என்று கேட்டேன். “அக்கா வீட்டுக்குக் கீழதான் கடை. செவுரு பூரா அதான் மாட்டியிருக்கு. என்னால அங்க படுக்க முடியல” என்றான். உன்னைக் குறை சொல்லவில்லையம்மா, நீ அறியாதது அது.

கைத்துப்பாக்கியை மாநிலத்துக்குத் தெரிவிக்காமல் கைமாற்றுவது குற்றமாமே. எனக்கு அது தெரியாது, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்றுதான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான். எழுபத்தொரு வயதில் என்னை இழுத்து என்ன செய்யப் போகிறார்கள்? ஜெயிலில் வைத்தால் அவர்கள்தான் எனக்குச் சமைத்துப் போட வேண்டும்.

அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, இதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கு உதவுமோ என்னவோ. நாளைக் காலையில் ஷெரிப்பை வீட்டுக்கே வரச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறேன்.

ஆண்டவர் உன்னோடிருப்பாராக.

ஹெட்டி பர்னெல்

ஃப்ராஸ்ட்பர்க்
1 மே 2009

அன்புள்ள ஹெட்டியம்மா,

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். வாடிக்கைக்காரர் ஒருவர் குண்டு விலை கேட்டார், நான் அழுதுகொண்டே விலை சொன்னேன். மேலே என் தம்பி விடிய விடிய நடந்துகொண்டிருந்த அந்த வாரம், பகலெல்லாம் கீழே அவனுக்கு எது ஆகாதோ அதைத்தான் துடைத்துத் துடைத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கேளுங்கள். நீங்கள் எழுதிய எண் 7இல் முடிகிறது. டெல்மருக்கு நான் விற்றதாகப் பதிந்திருப்பது 4இல் முடிகிற எண். அந்த 7 யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால், ஆல்வின் பிட்டிங்கர்! எங்கள் ஊரில் பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரி வைத்திருப்பவன். போன வருஷம் லாரிக் கண்ணாடியை உடைத்து அவன் துப்பாக்கியை எவனோ திருடிவிட்டான்.

2004இல் இரண்டு பேருக்கும் நான் விற்ற நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. மான் சீசன் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. டெல்மரும் ஆல்வினும் ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகளைக் கல்லாப் பலகையில் எடுத்துப் போட்டு, “எனக்குத்தான் நல்லது, உனக்குச் சொத்தை” என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பப் பெட்டியில் வைக்கும்போது மாற்றி வைத்துவிட்டார்கள். நான் துப்பாக்கியின் மேலிருந்த எண்ணைப் பார்க்காமல், அவசரத்தில் பெட்டி மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் செய்யாதே என்று நான் தினமும் கத்துகிற அதே தப்பு! ஆக, டெல்மர் பெயரில் போலீசுக்குப் போன காலித் தோட்டா, ஆல்வின் கொண்டுபோன துப்பாக்கியில் சுட்டது. இந்தக் கணமே ஸ்டாட்லருக்குப் போன் போடப் போகிறேன்.

உங்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

ரோவீனா

ஃப்ராஸ்ட்பர்க்
16 மே 2009

என் அன்புத் தம்பிக்கு,

நீ வீடு திரும்பிவிட்டாய் என்று ஹெட்டியம்மா போனில் சொன்னார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. க்ளென் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்தார் என்றால் பார்த்துக்கொள்.

நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். ஹெட்டியம்மா கொடுத்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார்கள். பங்கில் கிடந்த தோட்டாவோடு அது பொருந்தவில்லை. ஆனால் பிட்டிங்கர் பெயரில் நான் அனுப்பியிருந்த கவரில் இருந்த தோட்டாவோடு அச்சாகப் பொருந்தியது. ஆகப் பெட்டி மாறினது நிச்சயமாயிற்று. அந்தப் பையனைச் சுட்டது ஆல்வினிடமிருந்து திருடு போன துப்பாக்கி. திருடினவன் வேறொரு கேசில் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறானாம், ஒப்புக்கொண்டுவிட்டான். நான் உருப்படாத சட்டம் என்று திட்டிய அதே நிலவறைதான் உன்னைப் பிடித்துக் கொடுத்தது, அதுவேதான் விட்டும்விட்டது. இனிமேல் வாடிக்கைக்காரர்கள் திட்டும்போது நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஹெட்டியம்மாவின் மேல் வழக்கு இல்லை. “மீனுக்கடியிலயா வெச்சிருந்தாங்க?” என்று அரசு வக்கீல் ரொம்ப நேரம் சிரித்தாராம். ஹெட்டியம்மாவைக் கோர்ட்டில் நிறுத்தினால் உங்கள் தீவுச் சனம் மொத்தமும் கேக்கோடு வந்து உட்கார்ந்துவிடும் என்று பயந்துவிட்டார் போல. எனக்கு மட்டும் பதிவில் தப்பு என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டேன், எனக்கு அது வேண்டியதுதான். ஸ்டாட்லர் சொன்ன சொல் தவறாமல் வந்து மன்னிப்புக் கேட்டார். அப்போதும் சிரிக்கவில்லை.

நீ சுட்டாயா என்று கேட்டேனே, அதற்கு என்னை மன்னித்துவிடு. அந்தக் குளிர்காலத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. உன்னை இழந்துவிட இருந்தேன், எனக்குத் தெரியவே இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை நினைத்து நினைத்து வேலை நடுவே அப்படியே நின்றுவிடுகிறேன். க்ளென் என்னவென்று கேட்கிறார். ஒன்றுமில்லை, சந்தோஷம் என்கிறேன்.

ஒரு விஷயம். துப்பாக்கியைச் சட்டப்படி என் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எண்ணையெல்லாம் திருத்திப் பதிந்தாயிற்று, அது உன் பொருள். என்ன செய்யட்டும்? நீயே சொல், நான் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா,
ரோவீனா

டீல் தீவு
7 ஜூன் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். அத்தான் நடந்ததற்கு வாழ்த்துச் சொல். பதில் தாமதத்துக்குக் காரணம் நண்டு. தொட்டிகள் நிறைந்து வழிகின்றன, ராப்பகலாகத் தோலுரித்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. தோல் கழற்றின நண்டைக் கொஞ்ச நேரம் விட்டாலும் மற்ற நண்டுகள் தின்றுவிடும்.

துப்பாக்கியை விற்றுவிடு. யாருக்கு என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அக்கா. நீ கேட்டிருந்தாலும் ஜனவரியில் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது எனக்கு வார்த்தையே இல்லை. சாக வேண்டும் என்றிருந்தது. இப்போது இதை எழுத முடிகிறது. லாக்கப்பில் படுத்திருந்தபோது ஒன்று கவனித்தேன். அவர்கள் என்னை அடைத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கூண்டுகள் அப்படியே கிடக்கின்றனவே, மே மாத நண்டு கைவிட்டுப் போய்விடுமே என்று கவலையாக இருந்தது. பயமும் கவலையும் வருகிறதே, அப்படியானால் நான் இன்னும் இங்கே இருக்க ஆசைப்படுகிறேன் என்று புரிந்தது. அங்கேயே படுத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து அறைக்காரன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

அத்தானுக்கு உட்கார்ந்து வரத் தோதாக ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வாருங்கள். மென் நண்டு பொரித்துத் தருகிறேன், வேண்டியமட்டும் சாப்பிடலாம்.

நேற்று சாயங்காலம் வேலை முடித்துவிட்டு ஹெட்டியம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போய்விட்டார். கதவை விடாமல் பிடித்துக்கொண்டு, “எதுக்குப்பா வந்தே? அதான் இப்ப எங்கிட்ட இல்லையே” என்றார்.

“பசிக்குதும்மா” என்றேன்.

அன்புத் தம்பி,
டெல்மர்